குங்குமம் வைத்த கேன்

அத்தியாயம் ஒன்பது

ஆவுடையம்மாளின் பூதக்கண்ணாடிக்கு அன்று லீவு.

பூதக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம், பேனா, மூன்று பேட்டரி டார்ச் எல்லாம் நெற்றியில் சந்தனத்தோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் படுத்திருந்தன. மட்டாஞ்சேரியில் துர்காஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமானையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமியன்று பூஜை எடுக்கும்வரை யாரும் ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது, ஒரு எழுத்து எழுதவும் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிகுந்த பக்தியோடு கடைப்பிடிக்கிற சட்டம் இது.

அன்று விஜயதசமி. மணி காலை பத்து. பஜார் ரோட்டுக்கே ஒரே பூசாரி, பெயர் முத்துவேல். கடை கடையாகப் பூஜை எடுத்துக்கொண்டு ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தார். சுக்கு கோடவுனுக்கு மேல்மாடியில் இருக்கும் ஆவுடை துப்பறியும் நிலையத்துக்கு வந்து சேரப் பன்னிரண்டாகும்.

"லென்ஸ் இல்லாத டிடெக்டிவ், மீட்டர் இல்லாத ஆட்டோ. ரெண்டையும் ஆராவது நம்புமோ சேச்சி?" என்றான் சஜி.

சஜி அவளுடைய உதவியாளன். ஆட்டோவும் அவனுடையதுதான். தாத்தா காலத்தில் தென்காசியிலிருந்து வந்த குடும்பம், பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம், வாய் மட்டும் முழுசு.

"உன் ஆட்டோவுல மீட்டர் என்னிக்குடா ஓடிச்சு?" என்றாள் ஆவுடையம்மாள். கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் இருபது வருஷம் மீன் சந்தையையும் தண்ணீர்த் தொட்டியையும் மோப்பம் பிடித்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள்.

அப்போது படிக்கட்டு அதிர்ந்தது. நல்லசிவம் அண்ணாச்சி ஏறி வந்தார். அங்கிருந்து ஐந்தாவது கட்டடத்தில் இருக்கும் ராமபத்ரன் கெமிக்கல்ஸ் கோடவுனுக்கு அவர்தான் பொறுப்பு. பட்டை விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

"ஆவுடை, என் வேலை போச்சு. வேலை போனாலும் பரவால்ல. எவனோ ஒருத்தன் உசுரு போயிரும்."

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன போச்சுன்னு வரிசையா சொல்லுங்க."

அவர் சொன்னது இதுதான். கோடவுனில் ஆறு கேன் ஆசிட், ஆறு கேன் பிளீச். இரண்டும் ஒரே மாதிரி நீலக் கேன். நேற்று மகாநவமி, கோடவுன் லீவு. ஆனால் ஒருவன் பிக்கப் வண்டியில் வந்து, அவசரமாக ஒரு கேன் பிளீச் வேண்டும், முதலாளியிடம் முன்பே சொல்லியிருக்கிறது என்று நின்றான். முதலாளி ராமபத்ரன் பேத்திக்கு எழுத்தறிவிக்க மூகாம்பிகைக்குப் போயிருந்தார், வந்தவன் தன் போனில் அடித்தும் எடுக்கவில்லை. நல்லசிவம் ரெஜிஸ்டரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாண்டி, ஒரு பிளீச் தூக்கிக் குடு" என்று மட்டும் சொன்னார். லோடு ஏற்றும் பாண்டித்துரை தூக்கிக் கொடுத்தான்.

"இன்னிக்குக் காலையில பெருக்கும்போது பாக்கேன், ஆசிட் அஞ்சுதான் இருக்கு. பிளீச் ஆறும் அப்படியே இருக்கு."

"கேன்ல லேபிள் இல்லையா?"

"முறம் சைசுக்கு இருக்கு. ஆனா பூஜைக்கு வச்ச நாள்ல எப்படிம்மா வாசிக்க?"

சஜி தலையில் கை வைத்தான். "சரஸ்வதி தேவியே மாஸ்க் போட்டு ஓடியிருக்கும் அண்ணாச்சி."

ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. சந்தையில் ஒரு தடவை கழுவுகிறவன் ஒருத்தன் பிளீச் வாளியில் ஆசிட்டை ஊற்றி, மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பி, நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவளுக்கு நினைவிருந்தது. கேனை வாங்கியவன் பிளீச் என்று நம்பி அதை ஒரு பிளீச் தொட்டியில் ஊற்றினால் கதை முடிந்தது.

"வாங்கினவன் பேரு?"

"சொன்னான். எழுதி வைக்காத பேரு தலையில நிக்குமா?"

"வண்டி நம்பர்?"

"அதுவும் வாசிப்புதானே?"

சஜி மெதுவாக எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். சிரிப்பை அடக்க அவனுக்கு அந்த இடம்தான் கிடைத்தது.

"முதலாளிக்குத் தெரியறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுக் குடு தாயி" என்றார் நல்லசிவம். "ரெண்டு பொம்பளப் பிள்ளைக படிக்குது எனக்கு."

"முதலாளிக்குத் தெரியறது அப்புறம். அவன் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும்" என்றாள் ஆவுடையம்மாள். "பூஜை எடுக்கிறவரைக்கும் அவனும் தொழிலைத் தொடமாட்டான். அதுவரைக்கும்தான் நமக்கு நேரம். வாங்க."

கோடவுன் வாழைக்கன்றும் மாவிலையுமாகக் கல்யாண வீடு போல இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ரெஜிஸ்டர், ரப்பர் கையுறை, மூக்கை மூடும் மாஸ்க், கண் கண்ணாடி, கேன் மூடியைத் திறக்கிற ஸ்பானர், நல்லசிவத்தின் செல்போன், எல்லாவற்றுக்கும் பொட்டு. ஒவ்வொரு கேனுக்கும் குங்குமம். அதற்குப் பக்கத்தில் பாண்டித்துரை கைகட்டி நின்றான். விருதுநகர்ப் பக்கத்து ஆள், இங்கே வந்து மூன்று வருஷம். கக்கத்தில் முந்தாநாள் தமிழ்ப் பேப்பர் மடித்தபடி இருந்தது.

"ரெண்டு நாளா வாசிக்காம தலை வலிக்குதுக்கா" என்றான்.

"டீக்கடையில தினம் இவன்தான் எல்லாருக்கும் பேப்பர் வாசிச்சுக் காட்டுவான்" என்றார் நல்லசிவம், தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

"பாண்டி, நேத்து வந்தவன் எப்படி இருந்தான்?"

"மனுசன் மாதிரி இருந்தாங்க்கா."

"பிரதியைப் பிடிச்சு, குற்றவாளி சிக்கியாச்சு" என்றான் சஜி. "எர்ணாகுளத்துல மொத்தம் இருபது லட்சம் பேர்தான். ஒவ்வொண்ணா நோக்கிக்கலாம்."

"வண்டி?"

"வெள்ளை பிக்கப். மாலை போட்டிருந்துச்சு."

"அதுவும் ஆயிரம்தான்" என்றான் சஜி.

ஆவுடையம்மாள் விடவில்லை. "கேனை வண்டியில எப்படி வச்சான்? அதைச் செஞ்சு காட்டு."

பாண்டித்துரைக்கு இது பிடித்தது. பேசுவதைவிடத் தூக்குவது அவனுக்குச் சுலபம். ஒரு சாக்கையும் இரண்டு கயிற்றையும் எடுத்து, சாக்கை ஸ்டூலுக்கு மேல் போர்த்தினான். "கேன் மேல ஒரு வெள்ளை பெட்சீட்டைப் போட்டாங்க. சிந்தினா வண்டி கெட்டுருமாம். அப்புறம் ரெண்டு கயித்தை ஒண்ணா முறுக்கி, இந்தக் கம்பியிலேருந்து அந்தக் கம்பிக்கு இழுத்து, பெட்சீட்டு முனையை முறுக்குக்கு நடுவுல சொருகினாங்க. முடிச்சே போடலக்கா. ஆட்டிப் பாத்தேன், அசையல."

"வைப்பின் தீவுப் படகுக்காரன்" என்றான் சஜி உடனே. "கயிறுன்னா அவங்கதான்."

"படகுக்காரன் முடிச்சுப் போடாம வீட்டுக் கதவைக்கூடச் சாத்தமாட்டான்."

"அப்போ மேஜிக்காரன்."

"மேஜிக்காரனுக்கு அம்பது லிட்டர் பிளீச் எதுக்குடா? முயலை வெளுக்கவா?" ஆவுடையம்மாள் அந்தக் கயிற்றைத் தானும் முறுக்கிப் பார்த்தாள். சாக்கின் முனையைச் செருகினாள். விட்டாள். காற்றில் சாக்கு ஆடியது, விழவில்லை. "கிளிப் இல்லாம, முடிச்சு இல்லாம ஒரு துணியை நிறுத்தத் தெரிஞ்சவங்க யாரு? நாள் முழுக்க காத்துல ஆயிரம் துணி காயப்போடுறவங்க. பிளீச்சும் அவங்களுக்குத்தான் வேணும். சஜி, வண்டியை எடு."

"எவிடே?"

"ஃபோர்ட் கொச்சி தோபிகானாவுக்கு."

சஜி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

நல்லசிவமும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பாண்டித்துரை பூசாரியை வரவேற்கக் கோடவுனிலேயே நின்றான்.

தோபிகானாவின் பின்புறத் திடல் முழுவதும் முறுக்குக் கயிறுகள் ஓடின. ஆனால் ஒரு துணிகூட இல்லை. துவைக்கிற தொட்டிகள் காய்ந்து கிடந்தன. வரிசையாக இருந்த இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சந்தனம் வைத்து, முன்னால் சூடம் தயாராக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள் அழகம்மாள். எர்ணாகுளத்து லாட்ஜ்களுக்கெல்லாம் பெட்சீட் வெளுத்துக் கொடுக்கும் ஆறு குடும்பங்களுக்கு அவள்தான் தலைவி.

நல்லசிவம் கம்பெனிப் பெயரைச் சொன்னதும், "ராமபத்ரன் கெமிக்கல்ஸா?" என்றாள். "வாங்க வாங்க. நானே வந்து நாலு கேக்கணும்னு இருந்தேன்."

"அம்மா, அந்தக் கேனைத் திறந்துட்டீங்களா?" என்று முந்திக்கொண்டு கேட்டார் நல்லசிவம்.

"திறக்கணுமா? வெளிய ஒட்டிட்டிருந்த சொட்டே போதும்." அவள் உள்ளே போய் வெள்ளைப் பெட்சீட் ஒன்றை எடுத்து வந்து உதறினாள். ஓரத்தில் நீல பார்டர். அதில் ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு மூன்று ஓட்டை. "பாருங்க. பிளீச் பட்டா கலர் போகும், துணி நிக்கும். இதுல நீலம் அப்படியே இருக்கு, துணி போச்சு. இது பிளீச் இல்லைன்னு கண்டுபிடிக்க எனக்கு எழுத்தா வேணும்?"

ஆவுடையம்மாளுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இருபது வருஷம் கவர்ன்மென்டு ட்ரெயினிங்கில் கேட்காத பாடம் அது.

"கேன் இப்ப எங்கம்மா?"

"பத்தரைக்கே எங்க வண்டிக்காரன் பிஜுகிட்டக் குடுத்து உங்க கோடவுனுக்கே திருப்பி அனுப்பியாச்சு. அங்க ஒரு தம்பிதான் இருந்தானாம், விவரம் ஒண்ணும் சொல்லல, அதை நானே வந்து கேக்கலாம்னு. இடத்துல வச்சுட்டான்னு பிஜு இப்பதான் போன் பண்ணினான்."

நல்லசிவம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து சாமி கும்பிட்டார். "முருகா! கேன் வீடு வந்து சேந்துருச்சு. கேஸ் முடிஞ்சுது ஆவுடை. உனக்கு ஒரு பட்டுச் சேலை."

"எனக்குச் சேலை வேண்டா, ஒரு சாயா மதி" என்றான் சஜி.

ஆவுடையம்மாள் நகரவில்லை. "அம்மா, 'இடத்துல வச்சுட்டான்'னா எந்த இடத்துல?"

"எடுத்த இடத்துலதான். வேற எங்க வைப்பான்?"

"சஜி, ஸ்டார்ட் பண்ணு!" அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, ஏறுங்க!"

ஆட்டோ கிளம்பிய வேகத்தில் நல்லசிவத்தின் ஒரு செருப்பு தோபிகானாவிலேயே தங்கிவிட்டது.

"எதுக்கு இந்த ஓட்டம்? கேன்தான் கிடைச்சிருச்சே!"

"தப்பு கேன்ல இல்ல அண்ணாச்சி. வரிசையில. ஆசிட் வரிசையைத்தான் பிளீச் வரிசைன்னு நினைச்சுக் கை வச்சிருக்கான். ஏன்? இந்த வாரத்துல எதையாவது இடம் மாத்தினீங்களா?"

நல்லசிவம் யோசித்தார். விபூதி இன்னும் கொஞ்சம் இறங்கியது. "அஷ்டமியன்னிக்குக் கோடவுனைக் கழுவினேன். சாமி படம் கிழக்கே பாக்கணும்னு, ஆசிட்டை இந்தப் பக்கமும் பிளீச்சை அந்தப் பக்கமும் மாத்தி வச்சேன். பாண்டி அன்னிக்கு லீவு, தேவராவுல அவன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தான்."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"அதான் லேபிள் இருக்கே! பூஜை எடுத்துட்டா வாசிக்கப் போறான். அப்புறம் என்ன பயம்?"

"அவன் லேபிள் வாசிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"தினமும் பேப்பரே வாசிக்கான்!"

"எந்தப் பேப்பர்?"

"தினசரி... தமிழ்ப் பேப்பர்."

"லேபிள் எந்த பாஷையில?"

ஆட்டோ ஒரு வேகத்தடையில் குதித்தது, நல்லசிவத்தின் தலை கூரையில் இடித்தது.

"இங்கிலீஷும் மலையாளமும்" என்றான் சஜி, முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல்.

"பூஜை எடுத்ததும் முதல் வேலை என்ன சொல்லிட்டு வந்தீங்க அண்ணாச்சி?"

"ஆஸ்பத்திரி ஆர்டர்" என்றார் அவர். "பெரிய தொட்டியில பாதி பிளீச் கிடக்கு. நல்ல நேரத்துல ஒரு கேனைத் திறந்து ரொப்புன்னு சொல்லியிருக்கேன்."

ஆவுடையம்மாள் நல்லசிவத்தின் போனுக்கு அடித்தாள். பாண்டித்துரையிடம் போன் கிடையாது. அண்ணாச்சியின் போனோ கோடவுனில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துப் படுத்திருந்தது. மணி பதினொன்று நாற்பது.

அந்தப் பக்கம் நடந்ததைப் பாண்டித்துரை பிறகு சொன்னான். பூசாரி முத்துவேல் மணியாட்டிக்கொண்டிருந்தபோது படத்துக்கு முன்னாலிருந்து திடீரென்று முருகன் பாட்டு கேட்டதாம். அண்ணாச்சியின் ரிங்டோன் அது. பூசாரி கண்களை மூடி, "அம்மனே உத்தரவு குடுத்துட்டா" என்று சொல்லி இன்னும் பலமாக மணியாட்டினாராம். ஆவுடையம்மாள் ஏழு தடவை அடித்தாள். ஏழு தடவையும் அம்மன் உத்தரவு கொடுத்தாள்.

பஜார் ரோட்டில் மிளகு லாரி ஒன்று குறுக்கே நின்றது. சஜி ஆட்டோவை நடைபாதையில் ஏற்றி, காய்ந்த இஞ்சி மூட்டைகளுக்கு நடுவில் நுழைத்து வெளியே எடுத்தான். "இது வண்டி அல்ல, ஊசி" என்று அவனே தன்னைப் பாராட்டிக்கொண்டான்.

கோடவுன் வாசல் தெரிந்தது. பூஜை எடுத்தாகிவிட்டது, பூசாரியின் மணி மட்டும் ஓயவில்லை. உள்ளே பாண்டித்துரை கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு நீலக் கேனின் மூடியைக் கழற்றி, தொட்டியின் விளிம்பில் தூக்கி வைத்திருந்தான். கண்கள் மூடியிருந்தன. வருஷத்தின் முதல் வேலையாயிற்றே, முழு மனசோடு வேண்டிக்கொண்டிருந்தான்.

"பாண்டி! நிறுத்து!" ஆவுடையம்மாள் கத்தினாள். மணிச்சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

சஜி பிரேக்கைத் தொடவே இல்லை. ஹாரனை அமுக்கியபடி ஆட்டோவை அப்படியே கோடவுனுக்குள் ஏற்றி, பூசாரியின் வேட்டி நுனியில் கொண்டுபோய் நிறுத்தினான்.

பூசாரி முத்துவேல் திரும்பினார். மாலை போட்ட ஆட்டோ. விஜயதசமி. அவருக்கு வேறு எந்தச் சந்தேகமும் வரவில்லை. "வண்டி பூஜையா? முன்னாடியே சொல்லப்படாதா?" என்று கேட்டபடி தட்டில் புதுச் சூடம் ஏற்றி ஆட்டோவின் கண்ணாடிக்கு நேராகக் காட்டினார். "பாண்டி! எலுமிச்சம்பழம்!"

வண்டி பூஜை என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். சாமி காரியத்தில் பாண்டித்துரை தாமதம் செய்கிறவன் இல்லை. கேனைச் சாய்க்காமல் கீழே இறக்கி வைத்தான். மூன்று எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்து, முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு இரண்டு வைத்தான்.

அதற்குள் ஆவுடையம்மாள் ஆட்டோவிலிருந்து குதித்து, கேன் மூடியை எடுத்து இறுக்கி முறுக்கினாள். மூக்கில் சுள்ளென்று ஏறியது. கேனைத் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி இழுத்து வந்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டியை முன்னோட்டு எடுக்கட்டே?" என்றான் சஜி.

"எடு" என்றாள். மூன்று எலுமிச்சம்பழமும் நசுங்கின. பூசாரி திருப்தியாகத் தலையாட்டினார்.

சற்று மூச்சு வந்ததும் ஆவுடையம்மாள் எழுந்து, கேன் லேபிளைப் பாண்டித்துரைக்குக் காட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு?"

அவன் லேபிளைப் பார்த்தான். அண்ணாச்சியைப் பார்த்தான். "பிளீச்."

"வாசிச்சுச் சொல்றியா, எடுத்த இடத்தை வச்சுச் சொல்றியா?"

பாண்டித்துரை கையுறையைக் கழற்றினான். கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். "இடத்தை வச்சுத்தாங்க்கா. இந்த எழுத்து ரெண்டும் எனக்குத் தெரியாது. தமிழ்னா கடகடன்னு வாசிப்பேன். இந்தப் பக்கம் பிளீச், அந்தப் பக்கம் ஆசிட். மூணு வருசமா அப்படித்தான் எடுக்கேன். தப்பினதே இல்ல."

"ஏண்டா சொல்லல?" என்றார் நல்லசிவம்.

"யாரும் கேக்கல அண்ணாச்சி. வாசிக்கத் தெரியுமான்னு கேட்டீங்க. தெரியும்னேன். தெரியுமில்ல?"

ஆவுடையம்மாள் தொட்டியைக் காட்டினாள். "இந்தக் கேன் அதுல விழுந்திருந்தா, வாசலுக்கு வர்றதுக்குள்ள உன் மூச்சு நின்னிருக்கும் பாண்டி. பூசாரியும் சேர்ந்து போயிருப்பார்."

பூசாரி முத்துவேல் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குக் கிளம்பினார். அவர் அவ்வளவு வேகமாக நடந்ததை அந்த பஜார் பார்த்ததே இல்லை.

நல்லசிவம் ஒற்றைச் செருப்போடு நின்றார். அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து பாண்டித்துரையின் கையில் கொடுத்தார். "நீயே எழுது. உனக்குப் புரியற மாதிரி. நான் ஒவ்வொரு கேனா வாசிச்சுச் சொல்றேன்."

பாண்டித்துரை முதல் கேனில் பெரிதாக எழுதினான். ஆசிட். தள்ளி நின்று பார்த்தான். அடுத்ததற்குப் போனான்.

சஜி குனிந்து பார்த்தான். "இது எந்தா எழுதியிருக்கு?"

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டான் பாண்டித்துரை, நிஜமான ஆச்சரியத்தோடு.

"நான் படிச்சது மலையாளம் ஸ்கூல்ல."

"அப்ப நீ தொடாத. தள்ளி நில்லு" என்றான் பாண்டித்துரை. சஜி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசல் வரை பின்னால் நடந்து போனான்.

அப்போது மறுபடியும் முருகன் பாட்டு கேட்டது. மூகாம்பிகையிலிருந்து முதலாளி.

நல்லசிவம் போனை எடுத்தார். "ஆமா சார்... பூஜை நல்லா நடந்துச்சு சார்... பாப்பா எழுதிருச்சா? சந்தோசம் சார்." ஆவுடையம்மாளை ஒரு தரம் பார்த்தார். முதலாளிக்கு எதுவும் தெரியவேண்டாம் என்று அவளிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் தெருவைப் பார்த்து நின்றாள்.

"சார், ஒரு விசயம்" என்றார் நல்லசிவம். "நேத்து தோபிகானாவுக்குப் பிளீச்சுக்குப் பதிலா ஆசிட் போயிருச்சு. திரும்பி வந்துருச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல... இல்ல சார். பாண்டி மேல தப்பு இல்ல. வரிசையை மாத்தினது நான். அவன்கிட்ட சொல்லாதது நான். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. வந்து என்னைக் கேளுங்க."

அந்தப் பக்கம் முதலாளி நீளமாக ஏதோ பேசினார். நல்லசிவம் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

பாண்டித்துரையின் பிரஷ் ஆறாவது கேனில் பாதி எழுத்தில் நின்றிருந்தது. போனை வைத்துவிட்டு அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பியதும் கேட்டான்.

"அண்ணாச்சி, என்ன சொன்னாரு?"

"நாளைக்கு வந்து பேசிக்கலாம்னாரு." நல்லசிவம் அடுத்த கேனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லேபிளில் விரலை வைத்தார். "இது பிளீச். எழுது."